செவ்வாயில் பிழைத்திருக்கும் அனிமேஷன் தொடர்: எழுதுவோரும் வரைவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கு பேர் செவ்வாயில் மாட்டிக்கொள்கிறார்கள், அடுத்த கலம் வர இரண்டு வருடம் ஆகும். இப்படி ஒரு அடிக்கதையை வைத்துக்கொண்டு தொடர் எடுக்க இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. பெரும்பாலான திரைக்கதை வரைவுகள் புயலையும் வெடிப்பையும் நம்பித்தான் நிற்கின்றன. செவ்வாய் ஆளைக் கொல்வது அதைவிட நிதானமாக: ஒரு கிராம் இங்கே குறையும், ஒரு பாஸ்கல் அங்கே குறையும். அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டால் பரபரப்பைத் தனியாக இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

முதல் காட்சியிலேயே புயல் வந்து ஆட்களைத் தூக்கி வீசலாமா?

வேண்டாம். செவ்வாயின் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார். நம் கடல்மட்ட அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம். இங்கே 1,200 கிராமுக்கு மேல். அதனால் அங்கே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, பூமியில் மணிக்கு 13 கி.மீ. காற்று தள்ளுகிற அளவுதான் தள்ளும். கொடியில் காயும் துணி ஆடும், அவ்வளவுதான். ஆண்டெனா முறியாது, ஆள் பறக்க மாட்டார்.

அப்படியானால் புயலால் ஆபத்தே இல்லையா?

ஆபத்து தூசியில் இருக்கிறது. 2018 ஜூனில் கோள் முழுவதையும் மூடிய புழுதிப்புயலின்போது ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் சூரியத் தகடுகள் நாளொன்றுக்குத் தந்துவந்த சுமார் 650 வாட்-மணி மின்சாரம், சில நாட்களில் 22 வாட்-மணிக்கு இறங்கியது. 90 நாள் உழைக்க அனுப்பி 14 வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி அதோடு பேசுவதை நிறுத்தியது. இன்சைட் தரையிறங்கியின் முடிவு இன்னும் மெதுவானது. தகடுகளில் தூசி படிந்து படிந்து 2022 டிசம்பரில் அணைந்தது.

கதைக்கு இதுதான் தீனி. வெளியே ஆள் நிமிர்ந்து நடக்கிறார், காற்று ஒன்றும் செய்யவில்லை. உள்ளே மின்கல அளவுமானி மட்டும் நாளுக்கு நாள் இறங்குகிறது. எதை அணைப்பது? விளக்கையா, நீர் சூடேற்றியையா, காற்றைச் சுத்தம் செய்யும் கருவியையா? புயல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீடிக்கும். ஒரு எபிசோடில் வந்து போக வேண்டிய விஷயமல்ல இது.

ஹெல்மெட் உடைந்தால் தலை வெடிக்குமா? உடனே உறைந்துவிடுவாரா?

இரண்டும் நடக்காது. மனிதத் தோல் அந்த அழுத்த வேறுபாட்டைத் தாங்கும். உறையவும் மாட்டார், ஏனென்றால் அவ்வளவு மெல்லிய காற்று உடற்சூட்டை வேகமாக எடுத்துக்கொண்டு போகாது. நிஜத்தில் நடப்பது: மூளைக்கு ஆக்சிஜன் நின்று 10 முதல் 15 வினாடியில் நினைவு தப்பும். அதற்குள் நாக்கிலும் கண்ணிலும் உள்ள ஈரம் கொதிக்கும். சூட்டினால் வரும் கொதிப்பல்ல, அழுத்தம் இல்லாததால் வருவது. 1966இல் ஹூஸ்டனில் வெற்றிட அறைச் சோதனை ஒன்றில் உடையின் குழாய் கழன்றுபோனது. உள்ளே இருந்தவருக்குச் சுமார் 14 வினாடி நினைவு இருந்தது. நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான் கடைசியாக அவர் நினைவில் நின்றது. அறைக்குள் காற்றைத் திருப்பி விட்டதும் பிழைத்துக்கொண்டார்.

ஒன்றரை நிமிடத்துக்குள் அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. எழுத்தாளர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று: பாத்திரம் மூச்சைப் பிடித்துக்கொள்வது. அதைச் செய்தால் நுரையீரல் கிழியும். வாயைத் திறந்து மூச்சை விட்டுவிட வேண்டும். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதை வசனமே இல்லாமல் இந்த ஒரு அசைவில் காட்டிவிடலாம்.

தங்குமிடத்தில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஓட்டையின் அளவும் உள்ளே இருக்கும் காற்றின் கன அளவும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. 100 கன மீட்டர் கொண்ட ஒரு சிறிய தங்குமிடத்தை எடுத்துக்கொள்வோம். 1 மி.மீ. துளையானால் அழுத்தம் பாதியாகச் சுமார் 5 நாள். 1 செ.மீ. என்றால் ஒன்றேகால் மணி நேரம். 10 செ.மீ. என்றால் முக்கால் நிமிடம். துளையின் விளிம்பு கரடுமுரடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கூடும். உள்ளழுத்தம் அதிகமோ குறைவோ, பாதியாகும் நேரம் மாறாது.

வசதியான அளவு 1 செ.மீ. துளைதான். ஒரு மணி நேரத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் காது அடைக்கும், பிறகு சிந்தனை மந்தமாகும். தொடக்கத்தில் 56.5 கிலோபாஸ்கல் (கடல்மட்ட அழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேல்) அழுத்தமும் 34 விழுக்காடு ஆக்சிஜனும் இருந்தால், அது பாதியாகும் கட்டத்தில் உள்ளே இருப்பவர் 6,000 முதல் 7,000 மீட்டர் உயர மலையில் நிற்பவர் நிலையில் இருப்பார். கூட்டல் கழித்தல் தப்பும், சின்ன விஷயத்துக்குச் சிரிப்பு வரும்.

அடைப்பது அப்படியொன்றும் கடினமல்ல. 1 செ.மீ. துளையை உள்ளிருந்து மூடினால் அதை வெளியே தள்ளும் விசை அரைக்கிலோ எடைக்கும் குறைவு. கட்டைவிரல் போதும், ரத்தம் கட்டும். 2018 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் 2 மி.மீ. துளை கண்டபோது எபாக்சி பசையையும் காயத்துக்குக் கட்டும் துணியையும் வைத்துத்தான் அடைத்தார்கள். துளையைக் காட்ட சீறும் சத்தம் தேவையில்லை. திசு காகிதத்தைக் கிழித்து விட்டால் அது மெல்ல மிதந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இடம்தான் துளை. இதைவிட நல்ல ஷாட் கிடைக்காது.

யாராவது ஆத்திரத்தில் கதவைத் திறந்துவிடுவதாக வைக்கலாமா?

கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் முடியவே முடியாது. மேலே சொன்ன உள்ளழுத்தத்தில், ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட கதவின்மேல் பதினோரு டன் அழுத்துகிறது. அதனால்தான் உள்பக்கம் திறக்கும் கதவை விரும்புகிறார்கள்: காற்றே தாழ்ப்பாள். ஆத்திரக்காரர், கதவின் இரு பக்கத்து அழுத்தத்தையும் சமன்செய்யும் வால்வைத்தான் திறக்க முடியும். காற்று இறங்கும்வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும். பேசிச் சமாதானம் செய்ய நேரம் கிடைக்கிறது, வசனகர்த்தாவுக்கு நல்லதுதான்.

ஆக்சிஜன் தீரப்போகிறது என்ற பதற்றத்தை எப்படிக் காட்டுவது?

ஆக்சிஜனுக்கு முன்னால் கரியமில வாயு கொன்றுவிடும். பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜனை இழுத்து 1 கிலோ கரியமில வாயுவை விடுகிறார். 30 கன மீட்டர் அறையில், வாயு வடிகட்டி ஓடாத நிலையில், நால்வரை அடைத்துவைத்தால் 13 மணி நேரத்தில் கரியமில வாயு உயிருக்கே ஆபத்தான 4 கிலோபாஸ்கலைத் தொடும். அப்போதும் ஆக்சிஜனில் முக்கால் பங்கு மிச்சமிருக்கும்!

ஆகவே, சிவப்பாக மின்னும் ஆக்சிஜன் சிலிண்டர் அளவுமானியை விட்டுவிடுங்கள். முதலில் தலைவலி. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும், எரிச்சல் வரும், திருகாணியைத் தப்பான பக்கம் திருப்புவார். அனிமேஷனில் மார்பு ஏறி இறங்கும் சுழற்சியின் நீளத்தைக் காட்சிக்குக் காட்சி குறைத்துக்கொண்டே வந்தால் போதும், பார்ப்பவருக்கே மூச்சு முட்டும்.

வடிகட்டியாக லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்களை வைத்தால் ஒரு கிலோ கரியமில வாயுவுக்கு 1.1 கிலோ தேவை. நால்வர் 500 நாள் தங்கத் திட்டமிட்டு வந்திருந்தால் 2.2 டன். அவ்வளவு கொண்டுபோக மாட்டார்கள். சூடாக்கினால் மறுபடி உழைக்கும் வகைதான் முதன்மையாக இருக்கும், டப்பாக்கள் அவசரத்துக்கு. முதன்மைக் கருவி பழுதானதும் டப்பாக்களை எண்ணத் தொடங்குவார்கள். உங்கள் மூன்றாம் எபிசோடு அதுதான்.

அங்குள்ள காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கலாமே?

எடுக்கலாம், எடுத்தும் காட்டியாகிவிட்டது. பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி என்ற கருவி 2021க்கும் 2023க்கும் இடையில் 16 முறை ஓடி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தந்தது. உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். ஒரு ஆளுக்கு மணிக்கு 35 கிராம் வேண்டும். உச்சத்தில் ஓடினாலும் ஆளுக்கு மூன்று மாக்சி. கருவியின் உள்ளே 800 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். கழிவாக வருவது கார்பன் மோனாக்சைடு. அந்தக் குழாயில் கசிவு இருந்து அது தங்குமிடத்துக்குள் வந்தால் மணமில்லை, நிறமில்லை, சாவு மட்டும் உண்டு.

உடையை மாட்டிக்கொண்டு உடனே வெளியே ஓடலாமா?

விண்வெளி உடைக்குள் சுமார் 29.6 கிலோபாஸ்கல் தூய ஆக்சிஜன்தான் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் உடை பலூனாக விறைத்து முழங்கையை மடக்க முடியாது. கடல்மட்ட அழுத்தத்தில் இருந்துவிட்டுத் திடீரென்று அதற்கு இறங்கினால், ஆழ்கடலில் இருந்து வேகமாக மேலே வரும், காற்றுக்கலன் கட்டி மூழ்கியவருக்கு நேர்வதுபோல ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி விடும், மூட்டுகள் பிடுங்கும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இதற்காகவே பல மணி நேரம் ஆயத்தம் செய்கிறார்கள். தங்குமிடத்தை 56.5 கிலோபாஸ்கலில் வைக்கச் சொல்வதன் காரணமும் இதுதான், ஆயத்த நேரம் வெகுவாகக் குறைகிறது. அதற்கு விலையும் உண்டு. 34 விழுக்காடு ஆக்சிஜனில் தீ வேகமாகப் பரவும். தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

அடுத்தது ஏர்லாக், அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் இரண்டு கதவு வைத்த சிறு அறை. 3 கன மீட்டர் அறையில் இருக்கும் 2 கிலோ காற்றைப் பம்ப் போட்டு உள்ளே இழுக்காமல் அப்படியே வெளியே விட்டால், அதில் முக்கால் கிலோ ஆக்சிஜன் போகிறது. ஒருவர் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கச் சுவாசிப்பது அது. அவசரமாக ஏர்லாக்கைத் திறக்கும் ஒவ்வொரு வீரச்செயலுக்கும் இந்த ரசீது வரும் என்று எழுதுங்கள்.

கையுறைதான் அதிகம் படுத்தும். ஒவ்வொரு பிடியும் ஒரு ரப்பர் பந்தை அழுத்துவது போல. ஒரு மணி நேர வேலைக்குப் பின் விரல்கள் நடுங்குவதை வரையுங்கள். 1965இல் முதல் விண்நடை சென்ற லியோனோவ், உடை உப்பிவிட்டதால் உள்ளே நுழைய முடியாமல் வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துத்தான் உள்ளே வந்தார்.

நடை, ஓட்டம், விழுதல்: பிரேம் கணக்கு என்ன?

அனிமேட்டர்கள் முதலில் கேட்பது இதைத்தான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 விழுக்காடு, அதாவது 3.71 மீ./வி². விழும் நேரம் பூமியில் ஆவதைப்போல 1.63 மடங்கு. வினாடிக்கு 24 பிரேம் என்றால், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஸ்பேனர் விழ பூமியில் 11 பிரேம், செவ்வாயில் 18 பிரேம். இடைவெளிகள் இப்படி வரும்: 6ஆம் பிரேமில் 12 செ.மீ. இறங்கியிருக்கும், 12ஆம் பிரேமில் 46 செ.மீ., 18இல் தரை. டூஸில், அதாவது இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று வரைகிறவர்களுக்கு ஒன்பது படம்.

பூமியில் 40 செ.மீ. எம்பும் ஒருவர் உடையில்லாமல் தங்குமிடத்துக்குள் எம்பினால் ஒரு மீட்டருக்கு மேல் போவார். காற்றில் 14 பிரேமுக்குப் பதில் 36 பிரேம். கூரையைத் தாழ்வாக வரைந்திருந்தால் தலை இடிக்கும். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இடித்துக்கொள்வார்கள் என்று வைக்கலாம்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்துச் செய்யும் தப்பு, எல்லாவற்றையும் ஸ்லோமோஷன் ஆக்குவது. ஈர்ப்பினால் நடப்பது மட்டும்தான் மெதுவாகும். கை நீட்டுவது, திரும்பிப் பார்ப்பது, கண் சிமிட்டுவது, சுத்தியலை வீசுவது எல்லாம் பழைய வேகம்தான். தேநீரை ஒரு மீட்டர் இழுத்து ஆற்றினால் தேநீர் மெதுவாக இறங்கும், கை மெதுவாக ஏறாது.

எடை குறைந்தாலும் நிறை குறையாது. 70 கிலோ ஆள், 100 கிலோ உடை: சேர்ந்து 170. காலுக்குத் தெரிவது பூமியில் 64 கிலோ ஆள் நிற்பது போன்ற பாரம். ஆனால் ஓடிவந்து நிற்க வேண்டுமானால் 170 கிலோவையும் நிறுத்தியாக வேண்டும், தரையின் பிடிப்போ குறைவு. ஆகவே திரும்பும்போது உடலை நன்றாகச் சாய்க்க வேண்டும், நிற்கும்போது இரண்டு அடி சறுக்க வேண்டும். பூமியில் நடை ஓட்டமாக மாறுவது மணிக்கு 7.5 கி.மீ. வாக்கில், அங்கே 4.6 கி.மீ.யிலேயே மாறிவிடும். நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்திலேயே அவர்கள் துள்ளத் தொடங்கிவிடுவார்கள். நடைச் சுழற்சியைப் பூமியிலிருந்து நகல் எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

வானத்துக்கு என்ன நிறம் அடிப்பது?

பகலில் மங்கிய மஞ்சள் பழுப்பு. சூரியன் மறையும்போது அதைச் சுற்றி மட்டும் நீலம், மற்ற இடம் பழுப்பு. மிதக்கும் நுண்தூசிதான் இரண்டுக்கும் காரணம். 2015 ஏப்ரலில் கேல் பள்ளத்திலிருந்து கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த நீல அந்திப் படங்களைக் கலர் கீயாக (நிறங்களுக்கான முன்மாதிரியாக) வைத்துக்கொள்ளலாம். ஆனால் எச்சரிக்கை: பாறைகளின் நிறம் புவியியலாளர்களுக்குப் புரிய வேண்டும் என்று வெள்ளைச் சமன் மாற்றிய, அதாவது பூமியின் வெளிச்சத்தில் பார்ப்பதுபோல நிறம் திருத்திய படங்களும் நிறைய உலவுகின்றன. அவற்றில் பகல் வானமே நீலமாகத் தெரியும்.

சூரியனின் வட்டம் நமக்குத் தெரிவதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒளி 43 விழுக்காடு. நிழலின் உள்ளே தூசி ஒளி கசியும், கன்னங்கரேலென்று அடிக்காதீர்கள். ஃபோபோஸ் நிலா மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும்.

வெளியே சத்தம் கேட்குமா?

கேட்கும், மிகச் சன்னமாக. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 240 மீட்டர். கரியமில வாயு கீச்சு ஒலிகளை விழுங்கிவிடும், அடிக்குரல்கள் மட்டும் தப்பும். இன்ஜெனுயிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டர் பறந்தபோது பெர்சிவரன்ஸின் மைக்கில் பதிவானது 84 ஹெர்ட்ஸ் ரீங்காரம். ஒலிவடிவமைப்பாளர் மேல்வரிசை முழுவதையும் வெட்டிவிட்டு, உடைக்குள் இருக்கும் மின்விசிறிச் சத்தத்தையும் மூச்சையும் முன்னால் வைக்கட்டும்.

குடிக்கத் தண்ணீர்?

பனிக்கட்டி இருக்கிறது. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் வட துருவத்தை ஒட்டிய சமவெளியில் சில சென்டிமீட்டர் தோண்டியதுமே கண்டது. ஆகவே கலம் எங்கே இறங்கியது என்பதே விதி: வடக்கே போனால் பனி கிடைக்கும், வெயில் குறையும், நடுக்கோட்டுக்கு வந்தால் வெயில் கிடைக்கும், பனி எட்டாத ஆழத்தில். −60 டிகிரிப் பனி ஒரு கிலோவை 20 டிகிரித் தண்ணீராக்க 0.15 யூனிட் மின்சாரம். நால்வருக்கு 40 லிட்டருக்கு 6 யூனிட். வெளியே பாத்திரத்தில் உருக்க முடியாது, ஆவியாகிப் போய்விடும். மூடிய கலத்துக்குள் உருக்க வேண்டும். உருக்கியதை அப்படியே குடிக்கவும் கூடாது. அந்த மண்ணில் அரை விழுக்காடு அளவுக்குப் பெர்குளோரேட் உப்பு உண்டு, அது தைராய்டைக் கெடுக்கும். காய்ச்சி வடித்தால் உப்பு அடியில் தங்கிவிடும்.

உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைப்பது?

மண்ணைக் கழுவ முதலில் தண்ணீர் வேண்டும், அப்புறம் நிலம். ஒரு கிலோ உருளை சுமார் 770 கலோரி. 2,500 கலோரிக்கு 3.2 கிலோ. ஒரு சதுர மீட்டரில் 120 நாளில் 4 கிலோ எடுத்தாலே நல்ல மகசூல். ஒரு ஆளுக்கு 100 சதுர மீட்டர், அதுவும் அழுத்தம் ஏற்றிய, சூடாக்கிய, வெளிச்சம் போட்ட 100 சதுர மீட்டர். முதல் நான்கு மாதம் எதையும் சாப்பிட முடியாது. கட்டிக்கொண்டு வரும் உணவோ ஆளுக்கு நாளைக்கு 1.8 கிலோ, நால்வருக்கு 500 நாளுக்கு 3.6 டன். முதல் பயணத்தில் விவசாயம் கட்டுப்படியாகாது. கீரைத் தட்டு ஒன்றை வைக்கலாம், மனதுக்கு.

பூமியோடு பேசும் காட்சி?

நேர் உரையாடல் கிடையாது. ஒரு வழிக்குக் குறைந்தது 3 நிமிடம், அதிகபட்சம் 22 நிமிடம். இரண்டு கோள்களுக்கும் நடுவே சூரியன் வரும்போது, 26 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம் வாக்கில் தொடர்பே இருக்காது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது எஞ்சினை எரிக்கும் கட்டளைகள் எல்லாம் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தன. எரிந்த சேதி பெங்களூருக்கு வர 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. கட்டுப்பாட்டு அறையில் கைதட்டுகிற நேரத்தில், அங்கே நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். உங்கள் தொடரிலும் உதவி எப்போதும் பழைய செய்திக்கான பதிலாகத்தான் வரும்.

கதிர்வீச்சு?

தரையில் நாளைக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட். 500 நாளில் 335. நாசா ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் வரம்பாக வைத்திருப்பது 600. புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். யாரும் ஒளிரவோ உருமாறவோ மாட்டார்கள்.

டிரோன், பாராசூட் எல்லாம் வரையலாமா?

டிரோனை வரையலாம், கடையில் விற்கும் உருவில் வேண்டாம். இன்ஜெனுயிட்டியின் எடை 1.8 கிலோ, இறக்கை 1.2 மீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 2,400க்கு மேல். 72 முறை பறந்தது. கேமராவோடு மருந்துப் பெட்டியையும் தூக்கும் டிரோன் என்றால் இறக்கை மேசை அளவுக்கும் மேலே போக வேண்டும். பாராசூட்டில் ஆள் குதிப்பதை மறந்துவிடுங்கள். ஒரு டன் பெர்சிவரன்ஸுக்கு 21.5 மீட்டர் விட்டமுள்ள பாராசூட் விரித்தும் போதவில்லை, கடைசியில் ராக்கெட் எரித்துத்தான் இறக்கினார்கள்.